குதிரைசக்தியை முதலில் போட்டு கியர்பாக்ஸைக் கடைசியில் தள்ளாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு மோட்டார் பக்கத்தில் 15 லட்சத்துக்குள் வாங்கக்கூடிய ஸ்போர்ட்டி கார்கள் என்று ஒரு அட்டவணை போட்டிருந்தீர்கள். எங்கள் தெருவில் வண்டி வாங்கும் நினைப்பில் இருக்கும் பையன்கள் எல்லோர் போனிலும் அந்தப் பக்கத்தின் போட்டோ இருக்கிறது. என் அண்ணன் மகனும் அதைக் காட்டித்தான் "சித்தப்பா, இதுல 120 பிஎஸ், அதுல 82தான், அப்புறம் எதுக்கு யோசிக்கணும்?" என்று கேட்டான். யோசிக்கத்தான் வேண்டும் என்று அவனிடம் ஒரு மணி நேரம் பேசினேன். அதையே உங்களுக்கும் எழுதுகிறேன், ஏனென்றால் அவனைக் குழப்பியது அந்த அட்டவணைதான். குதிரைசக்தியை (அதுதான் அந்த பிஎஸ்) முதல் கட்டத்தில் பெரிய எழுத்தில் போட்டு, அதை வைத்தே ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையும் கொடுத்துவிட்டு, கியர்பாக்ஸை கடைசிக் கட்டத்தில் 'மேனுவல் / ஆட்டோ' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். ஆட்டோ என்றால் எந்த ஆட்டோ? இன்றைக்கு அந்த விலையில் நாலு விதமான ஆட்டோமேட்டிக் விற்கிறார்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட கிடையாது.

முதலில் அந்த பிஎஸ் கணக்கைப் பார்த்துவிடலாம். ஹூண்டாய் ஐ20 என் லைனின் 1.0 லிட்டர் டர்போ இன்ஜின் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளி சக்தியைக் கூட்டுகிற வகை) 120 பிஎஸ் தருகிறது, சரி, ஆனால் அது கிடைப்பது 6,000 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது. நான் வண்டி ஓட்டுவது காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கும், திருமயம் வழியாகப் புதுக்கோட்டைக்கும், அடிக்கடி திருச்சி விமான நிலையத்துக்கும் (சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சொந்தம் இருக்கிற எந்தச் செட்டிநாட்டு வீட்டைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்). இந்த ஓட்டத்தில் 6,000 ஆர்பிஎம்மை எப்போது தொடுவேன்? தொடவே மாட்டேன் என்று சொல்லலாம். எனக்கு வண்டியின் உயிர் தெரிய வேண்டியது வேறு இடத்தில். முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரியோ டவுன் பஸ்ஸோ போகிறது, நான் 50, 55 வேகத்தில் நாலாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மை ஒட்டிப் பின்னால் போகிறேன், எதிரே கொஞ்ச தூரம் காலி. அந்த நேரத்தில் மிதித்தால் என்ன வருகிறது, எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் சொல்வது டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை, நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள். அதே ஐ20 டர்போ 172 நியூட்டன் மீட்டரை 1,500-லிருந்து 4,000 ஆர்பிஎம் வரை சமமாகத் தருகிறது. கணக்குப் போட்டால் 1,800 ஆர்பிஎம்மிலேயே ஏறக்குறைய 44 பிஎஸ் கையில் இருக்கிறது. 2024-ல் வந்த புது ஸ்விஃப்டின் 1.2 இன்ஜினுக்கு உச்ச டார்க்கே 112தான், அதுவும் 4,300 ஆர்பிஎம்மில். ஆகவே 1,800-ல் அது எப்படி முக்கினாலும் 30 பிஎஸ்ஸைத் தொடாது. உங்கள் அட்டவணை காட்டிய 120-க்கும் 82-க்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ரோட்டில் நிஜமாகத் தெரிகிற வித்தியாசம் இதுதான். இதே ஸ்விஃப்ட் 2005-ல் முதலில் வந்தபோது 1.3 லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜினில் 87 ஹெச்பி இருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய இருபது வருடம் கழித்து வந்த புது வண்டியில் சிலிண்டர் மூன்றாகி, சக்தியும் குறைந்திருக்கிறது, மைலேஜ் மட்டும் லிட்டருக்கு 25 கிலோமீட்டரை ஒட்டிச் சொல்கிறார்கள். ஆனாலும் புது ஸ்விஃப்டை ஓட்டுவதில் ஒரு குஷி இருக்கத்தான் செய்கிறது, எடை குறைவு, ஸ்டியரிங் சுறுசுறுப்பு. அந்தக் குஷி பிஎஸ் கட்டத்தில் எங்கேயும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை யாரும் மோட்டார் பக்கத்தில் எழுதுவதில்லை. நம் ஊரில் மலிவான ஸ்போர்ட்டி கார்களின் இன்ஜினை வரைந்தது இன்ஜினீயர்கள் மட்டும் இல்லை, வரிச் சட்டமும்தான். 2006 பட்ஜெட்டில் சிறிய காருக்கு எக்சைஸ் வரியைக் குறைத்தபோது நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் 1,200 சிசிக்குள், டீசல் 1,500 சிசிக்குள் என்று ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோடு அப்புறம் ஜிஎஸ்டியிலும் தொடர்ந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40. இப்போது இன்ஜின்களைப் பாருங்கள்: ஹூண்டாய் டர்போ 998 சிசி, மாருதியின் பூஸ்டர்ஜெட்டும் 998, ஃபோக்ஸ்வேகன் 1.0 டிஎஸ்ஐ 999, டாடா டர்போ 1,199. எல்லாம் கோட்டைத் தாண்டாமல் நிற்கின்றன. சின்ன இன்ஜினில் சக்தி வேண்டுமென்றால் டர்போ போட்டே ஆக வேண்டும், அதனால்தான் எல்லோரிடமும் மூன்று சிலிண்டர் டர்போ. வெளிநாட்டில் விற்ற ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.4 டர்போ இங்கே வராததற்கு ஆயிரம் காரணம் சொன்னார்கள், அது 1,373 சிசி என்பதை மறந்துவிட்டார்கள். 2015-ல் ஃபியட் புன்டோ அபார்த் வந்தது, 1.4 டி-ஜெட், 145 ஹெச்பி, 212 நியூட்டன் மீட்டர், ஐந்து கியர் மேனுவல், டெல்லி ஷோரூம் விலை 9.95 லட்சம். அந்த விலையில் அந்த மாதிரி ஒரு ராட்சசன் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. 4 மீட்டருக்குள் இருந்தும் இன்ஜின் பெரிது என்பதால் சலுகை கிடையாது. விலை கூட்டிக் காட்டினால்தானே கம்பெனிக்குக் கட்டும், அந்த விலைக்கு வாங்குபவன் பின்சீட்டில் ஏசி இருக்கிறதா என்று கேட்பான். அதோடு அந்த ஜாதியே நின்றுபோனது.

ஆக, டர்போ இன்ஜின்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லாமல் வரிச் சட்டமே பார்த்துக்கொண்டது. வித்தியாசம் இருப்பது கியர்பாக்ஸில். அதைத்தான் நீங்கள் கடைசிக் கட்டத்தில் ஒரு வார்த்தையில் விட்டுவிட்டீர்கள் என்பது என் வருத்தம்.

ஏஎம்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்து ஊரையே மாற்றிய சமாச்சாரம், அதைக் குறை சொல்ல மனசு வரவில்லை, விலை குறைவு, மைலேஜ் குறையாது, மெக்கானிக்குக்கும் புரியும். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சையும் கியரையும் நமக்குப் பதில் ஒரு மோட்டார் போடுகிறது. ஆனால் கியர் மாறும் நேரத்தில் இழுவை நின்று, தலை லேசாக முன்னே போய் வரும். டவுனுக்குள் அது பிரச்சினையில்லை. எதிரே பஸ் வருகிறது, நீங்கள் பாதி ஓவர்டேக்கில் இருக்கிறீர்கள், காலை முழுக்க மிதித்ததும் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டு நாலிலிருந்து மூன்றுக்கு இறங்குகிறது என்றால் அந்த ஒரு கணம் நமக்கு ஒரு யுகம். ஏஎம்டி வண்டியில் ஓவர்டேக் பண்ணுவதற்கு முன்னாலேயே மேனுவல் பக்கம் தள்ளி ஒரு கியர் இறக்கிவிட்டுத்தான் இண்டிகேட்டரே போட வேண்டும், இதை ஷோரூமில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஸ்டிக்கரும் சிவப்புத் தையலும் போட்ட ஏஎம்டி காரை ஸ்போர்ட்டி என்று அட்டவணையில் சேர்ப்பது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

சிவிடி வேறு மாதிரி. அதில் கியர் என்று தனித்தனியாக எதுவும் கிடையாது, இரண்டு கப்பிக்கு நடுவில் ஒரு பெல்ட், கப்பியின் அகலம் மாற மாற விகிதம் மாறும். மிருதுவாகப் போகும், சிட்டி டிராஃபிக்குக்கு அதைப்போல சுகம் இல்லை. ஆனால் மிதித்தால் முதலில் சத்தம் ஏறும், வண்டி பின்னால் வரும். ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் டர்போவைப் பாருங்கள், மேனுவலில் 160 நியூட்டன் மீட்டர், அதே இன்ஜின் சிவிடியோடு வரும்போது 152. பெல்ட்டுக்காக இன்ஜினையே அடக்கி வைக்கிறார்கள். உங்கள் அட்டவணையில் இரண்டும் ஒரே வரியில் '100 பிஎஸ், மேனுவல் / ஆட்டோ' என்று நின்றது.

டார்க் கன்வர்ட்டர்தான் பழைய காலத்து ஆட்டோமேட்டிக், நடுவில் எண்ணெய் சுழன்று சக்தியைக் கடத்துகிறது. பழைய சமாச்சாரம் என்று பையன்கள் கேலி செய்கிறார்கள். எங்கள் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் நான் ஆட்டோமேட்டிக் வாங்குவதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் வாங்குவேன். மாருதி ஃபிரான்க்ஸ் 1.0 டர்போவோடு ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர், ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் பேடில் ஷிஃப்ட்டர், 100 பிஎஸ், 148 நியூட்டன் மீட்டர். பெரிய புலி இல்லை. ஆனால் தப்பாகப் போவதற்கு அதில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஃபோக்ஸ்வேகனே கூட 2020-ல் போலோவின் 1.2 டிஎஸ்ஐயும் ஏழு கியர் டிஎஸ்ஜியும் (அடுத்து நான் சொல்லப்போகும் டூயல் கிளட்ச்தான் அது) போன பிறகு 1.0 டிஎஸ்ஐக்கு ஆறு கியர் டார்க் கன்வர்ட்டரைத்தான் போட்டது, அதை அப்போது ரசிகர்கள் திட்டினார்கள், இன்று பழைய வண்டிச் சந்தையில் எதை ஜனங்கள் பயப்படாமல் வாங்குகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

இப்போது டூயல் கிளட்ச்சுக்கு வருகிறேன், இதில்தான் நிறையப் பேசவேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஸ்போர்ட்டி ஆட்டோமேட்டிக் என்று சொன்னால் நியாயமாக இதுதான். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. நீங்கள் மூன்றில் போகும்போதே நாலு தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விடும்போதே இன்னொன்று பிடித்துவிடும், இழுவை அறுபடாது. 2013-ல் போலோ ஜிடி டிஎஸ்ஐ வந்தபோது, 1.2 லிட்டர், 105 பிஎஸ், அதை ஓட்டியவர்கள் எல்லோருக்கும் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை. ஆனால் அதில் இருந்தது உலர் கிளட்ச். எண்ணெயில் குளிக்காத கிளட்ச், காற்றில்தான் ஆற வேண்டும். வேகமாகப் போகும்போது அதற்குத் துன்பமே இல்லை. ஊர்ந்து போகும்போதுதான் கஷ்டம், ஆட்டோமேட்டிக் ஓட்டுபவர் பிரேக்கை லேசாக விட்டு விட்டு ஊர்வார், அங்கே கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்ந்து சூடேறும். சீனாவில் 2013-ல் இந்த டிஎஸ்ஜி பிரச்சினைக்காக மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை ஃபோக்ஸ்வேகன் திரும்ப அழைத்தது, இது உலகமறிந்த செய்தி. ஐ20 என் லைனின் ஏழு கியர் டூயல் கிளட்ச்சும் (டிசிடி என்பார்கள்) உலர் கிளட்ச்தான்.

இதில் எங்கள் ஊருக்கு என்ன என்று கேட்கலாம். தை மாதம் பிறந்தால் நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கும், அவர்கள் மட்டுமா, சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லோரும் பாதயாத்திரை போவார்கள். அந்த ரோட்டில் ராத்திரி கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், மைல் கணக்கில் நடை வேகத்தில் ஊர்ந்துதான் போக முடியும், ஹாரன் அடிக்க மனசு வராது, அடிக்கவும் கூடாது. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டியும் அப்படித்தான், வெயில் வேறு. உலர் கிளட்ச் வண்டியை அங்கே கொண்டு போகாதீர்கள் என்று சொல்லவில்லை. முன்னால் கார் ஒரு இடைவெளி விட்டபிறகு சேர்ந்தாற்போல் நகர்த்துங்கள், ஒவ்வொரு அடிக்கும் ஊராதீர்கள், நின்றால் நியூட்ரலில் போடுங்கள். கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவில் மேட்டில் நிறுத்தும்போது ஆக்சிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல் பிரேக்கால் பிடியுங்கள். இந்த நாலு வரியை உங்கள் மோட்டார் பக்கத்தில் போட்டிருந்தால் எத்தனையோ பேருக்கு லட்ச ரூபாய் பில் மிச்சமாகியிருக்கும்.

எண்ணெயில் குளிக்கும் கிளட்ச் உள்ள டூயல் கிளட்ச்சும் இருக்கிறது, டாடா ஆல்ட்ராஸில் 2022-லேயே கொடுத்தார்கள், டிசிஏ என்று பெயர். சூட்டைத் தாங்கும். இங்கேதான் எனக்குக் கம்பெனிகள் மேல் கோபம் வருகிறது. அந்த நல்ல கியர்பாக்ஸை எந்த இன்ஜினோடு சேர்த்தார்கள்? டர்போ இல்லாத 1.2-வோடு. 2024 ஜூனில் ஆல்ட்ராஸ் ரேசர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், நெக்ஸானின் 120 பிஎஸ் டர்போ, 170 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் மேனுவல், தொடக்க விலை 9.49 லட்சம். அருமையான ஜோடி. ஆனால் ரேசரில் ஆட்டோமேட்டிக் கொடுக்கவில்லை. அதே 120 பிஎஸ் டர்போ இன்ஜினுக்கு நெக்ஸானில் 2023-லிருந்தே ஏழு கியர் டிசிஏ இருக்கிறது! கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஒரு மண்டபத்திலும் பெண் ஒரு மண்டபத்திலும் உட்கார்ந்திருந்த கதைதான்.

இது டாடாவின் கதை மட்டும் இல்லை. மாருதியில் எடை குறைந்த ஸ்விஃப்டுக்கு டர்போ கிடையாது. 2017-ல் பலேனோ ஆர்எஸ் என்று 102 பிஎஸ் டர்போவை மேனுவலோடு கொடுத்தார்கள், 2020-ல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது நிறுத்திவிட்டார்கள், அந்த இன்ஜின் திரும்பி வந்தது ஃபிரான்க்ஸில். ஹூண்டாய் கொஞ்சம் பரவாயில்லை. 2021-ல் ஐ20 என் லைனை கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டியோடு விற்றார்கள், கியரை நாம் போடவேண்டும், கிளட்ச்சை அது போடும், கால் வலிக்காது, ஆனால் ஸ்போர்ட்டி வண்டி வாங்குபவனுக்கு அது ரெண்டும் கெட்டான். 2023-ல் அதை எடுத்துவிட்டு மூன்று பெடலோடு ஆறு கியர் மேனுவல் கொடுத்தார்கள். ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் 1.5 டிஎஸ்ஐயும் அப்படித்தான், 2022-ல் டிஎஸ்ஜி மட்டும், அடுத்த வருடம் மேனுவல் வந்தது (அந்த மேல் மாடல் இந்தப் பட்ஜெட்டைத் தாண்டும், ஆனாலும் 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டரை ஆறு கியர் மேனுவலில் ஓட்டிப் பார்த்தால் பட்ஜெட் எல்லாம் மறந்துபோகும், ஆகவே ஓட்டிப் பார்க்காதீர்கள்). கேட்டால் கொடுப்பார்கள் என்பதற்கு இரண்டும் சாட்சி. கேட்பதற்கு முதலில் ஜனங்களுக்கு விஷயம் தெரிய வேண்டுமே.

எங்கள் வீட்டுக்கு வண்டி பார்க்கப் போனபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஷோரூமில் மேனுவல் டர்போவை டெஸ்ட் டிரைவ் கேட்டோம். டெமோ வண்டி ஆட்டோமேட்டிக் மட்டும்தான் இருக்கிறது, இன்ஜின் ஒன்றுதானே, ஓட்டிப் பார்த்தால் போதும் என்றார்கள். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, கியர் தடி எப்படி விழுகிறது, செகண்ட் கியரில் வேகத்தடை ஏறினால் இன்ஜின் மூச்சு வாங்குகிறதா என்பதெல்லாம் ஆட்டோமேட்டிக்கில் எப்படித் தெரியும்? அட்வான்ஸ் கட்டினால் மதுரையிலிருந்து ஒரு வண்டி வரவழைக்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டோம். அந்த ஷோரூம் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு மேலே இருப்பவர்கள் ஆட்டோமேட்டிக்கைத் தள்ளச் சொல்கிறார்கள், அதில் மாடலுக்கு மாடல் ஒரு லட்சத்தை ஒட்டி விலை கூடுகிறது.

செகண்ட் கியர் என்றதும் ஞாபகம் வருகிறது. மூன்று சிலிண்டர் டர்போ எல்லாம் 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே தூங்கும். அதற்கு மேலேதான் டர்போ விழிக்கும். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு ஊர் எல்லையிலும் வேகத்தடை, பல இடங்களில் சேர்ந்தாற்போல் மூன்று. செகண்டில் இறங்கினால் தூங்குகிறது, ஃபர்ஸ்ட் போட்டால் உறுமுகிறது. இதற்கு இன்ஜினை மட்டும் திட்டக் கூடாது, மைலேஜ் சோதனைக்காக கியர் விகிதங்களை நீட்டிவைப்பதும் ஒரு காரணம். நம் நாட்டு சோதனைச் சுற்று 90 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவதே இல்லை, பெரும்பகுதி அதற்கும் கீழேதான். அங்கே இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடும், விளம்பரத்தில் போடலாம். அதனால் அதிக சக்தியுள்ள வண்டி கூட நீட்டிய கியரில் சோம்பேறியாகத் தெரியும், குறைந்த சக்தியில் நெருக்கமான கியர் விகிதம் உள்ள வண்டி துள்ளும். டர்போ இல்லாத பழைய ஹோண்டா சிட்டியை இன்னமும் கொண்டாடுகிறார்களே, அதற்கு இன்ஜின் பாதி, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழும் அந்த கியர் பாதி.

மேனுவல்தான் உயர்த்தி, மற்றதெல்லாம் தாழ்த்தி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் அண்ணிக்கு மூட்டுவலி, அவர்கள் ஓட்டுவது ஏஎம்டி, அது இல்லையென்றால் அவர்கள் கண்டனூருக்குக் கூட யாரையாவது எதிர்பார்த்துத்தான் போக வேண்டும். சென்னை, பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் தினமும் இரண்டு மணி நேரம் கிளட்ச் மிதித்தால் வார இறுதியில் வண்டி ஓட்டும் ஆசையே போய்விடும். நான் கேட்பது ஒன்றுதான், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஜோடியாகப் பார்த்து எழுதுங்கள், ஸ்போர்ட்டி என்று சொல்வதானால் அந்த ஜோடிக்குச் சொல்லுங்கள்.

அப்படி ஜோடியாகப் பார்த்தால் உங்கள் அட்டவணையில் இல்லாத வண்டியும் உள்ளே வரும். திருவள்ளூரில் தயாராகும் சிட்ரோயன் சி3 டர்போ, 110 பிஎஸ், ஆறு கியர் மேனுவலோடு 190 நியூட்டன் மீட்டர், எடையும் ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டியதுதான். ஸ்போர்ட்டி ஸ்டிக்கர் கிடையாது, உள்ளே பிளாஸ்டிக் சுமார், கியர் தடி ஹோண்டா மாதிரி இல்லை. ஆனால் தேவகோட்டை ரோட்டில் மூன்றாவது கியரில் மிதித்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம். ஒரு காலத்தில் அதே திருவள்ளூரிலிருந்துதான் மிட்சுபிஷி லான்சர் வந்தது. பழைய வண்டி வாங்குபவர்களுக்கென்றால் 2018-ல் கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனத்தோடு சேர்ந்து டாடா போட்ட டியாகோ ஜேடிபி, 114 பிஎஸ், ஐந்து கியர், 6.39 லட்சத்துக்கு விற்றார்கள். நம்ம தமிழ்நாட்டுப் பக்கத்துச் சரக்கு, ஒரு தமிழ்ப் பத்திரிகை அதைப் பற்றி நாலு வரி எழுதக்கூடாதா?

டீசலைப் பற்றிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் போட்ட பழைய ஸ்விஃப்ட் டீசலில் 2,000 ஆர்பிஎம்மில் டர்போ பிடித்ததும் முதுகு சீட்டில் ஒட்டும், ராமேஸ்வரம் வரை அந்த ஒரு உதைக்காகவே ஓட்டலாம். 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே விட்டுவிட்டது. இப்போது ஹேட்ச்பேக்கில் டீசல் என்றால் ஆல்ட்ராஸ் மட்டும். எலெக்ட்ரிக்கில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, டார்க் பூஜ்ஜியத்திலிருந்தே கிடைக்கும், கியரும் ஒன்றுதான். பேட்டரி ஆராய்ச்சி செய்யும் சிக்ரி எங்கள் ஊரிலேயே இருக்கிறது, அதைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

எங்கள் செட்டிநாட்டில் பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்தவர்கள் அந்தக் காலத்திலேயே சீமைக் காரை வாங்கி வீட்டு முகப்பில் நிறுத்தியவர்கள், ஆனால் அவர்களேதான் வருடம் தவறாமல் ஐந்தொகை போட்டு வரவு செலவைப் பைசா சுத்தமாகப் பார்த்தவர்களும். இரண்டும் சேர்ந்த ஊர் இது, ஆசையும் உண்டு, கணக்கும் உண்டு. அந்தக் கணக்குக்கு உதவுகிற மாதிரி அட்டவணை போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என்னென்ன போடலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். உச்ச டார்க் எந்த ஆர்பிஎம்மிலிருந்து எதுவரை என்பதை பிஎஸ்ஸுக்கு முன்னால் போடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் ஏஎம்டியா, சிவிடியா, டார்க் கன்வர்ட்டரா, டூயல் கிளட்ச்சா, உலர்ந்ததா நனைந்ததா என்று எழுதுங்கள். எந்த இன்ஜினும் எந்த கியர்பாக்ஸும் சேர்ந்து எந்த வேரியன்ட்டில் கிடைக்கிறது, அந்த வேரியன்ட்டின் ஆன்ரோடு விலை என்ன என்பதைப் போடுங்கள், தொடக்க விலையைப் போட்டுவிட்டு டாப் மாடலின் படத்தைப் போடாதீர்கள். கிளட்ச் மாற்ற என்ன செலவு, எந்த ஊரில் மாற்றுவார்கள் என்று கம்பெனியைக் கேட்டு எழுதினால் காலத்துக்கும் உங்களை வாழ்த்துவோம். அப்புறம் அந்த பூஜ்ஜியத்திலிருந்து நூறு வரை எத்தனை வினாடி என்ற கணக்கு எங்களுக்கு எதற்கு, காரைக்குடி நூறடி ரோட்டில் யார் அப்படிக் கிளம்பப் போகிறார்கள்? அதற்குப் பதில் மூன்றாவது கியரில் 20-லிருந்து 80 வரையும், நாலாவது கியரில் 40-லிருந்து 100 வரையும் எத்தனை வினாடி என்று போடுங்கள். ஆங்கில மோட்டார் பத்திரிகைகளில் இதை வருடக்கணக்காகப் போடுகிறார்கள். ஆட்டோமேட்டிக்கை அதே வேகங்களில் முழுக்க மிதித்து எடுத்துப் போட்டால் என் அண்ணன் மகனுக்கு நான் ஒரு மணி நேரம் சொன்னதை உங்கள் இரண்டு கட்டம் சொல்லிவிடும். அவன் இன்னும் முன்பணம் கட்டவில்லை, அடுத்த ஞாயிறு வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
வாசகர்,
காரைக்குடி.